நாலு டிஸ்க்கும் ஒரே ஃபோல்டராகத் தெரிய வேண்டும் என்றால்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு வீட்டுச் சர்வராக ஓட்டுகிறீர்கள். அதில் 2, 4, 4, 8 டெராபைட் என நாலு டிஸ்க். வாங்க வாங்க ஒவ்வொன்றையும் தனி ஷேராக (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டராக) வைத்ததில், டிவியைத் திறந்தால் "வீடியோ1", "வீடியோ2", "வீடியோ3" என்று வரிசையாக நிற்கிறது. எந்தப் படம் எதில் இருக்கிறது என்று வீட்டில் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. சில நாள் உங்களுக்கும் தெரிவதில்லை. எல்லாம் ஒரே "வீடியோ"வாகத் தெரிய வேண்டும், ஒரு டிஸ்க் நிறைந்தால் புதியது தானாக அடுத்ததில் போய் விழ வேண்டும், ஏற்கெனவே இருப்பதை அழிக்கக் கூடாது. இதற்கு ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் முறை) கட்டாயமா என்பதே உங்கள் கேள்வி.

கட்டாயம் இல்லை. உங்கள் நிலைமைக்கு ரெய்டு பொருந்தவும் பொருந்தாது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வெளியே என்ன பெயர் தெரிய வேண்டும், யார் திறக்கலாம், யார் எழுதலாம் என்பது ஒன்று. கோப்பு எந்த டிஸ்க்கில் போய் உட்காருகிறது, அந்த டிஸ்க் செத்தால் எதெல்லாம் போகும் என்பது இன்னொன்று. முதலாவது, லினக்ஸ் ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா என்ற மென்பொருளின் வேலை. இரண்டாவதில் சாம்பாவுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் டிஸ்க்குக்கு ஒரு ஷேர் என்று எல்லோரும் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஆண்ட்ரூ ட்ரிஜெல் 1992இல் சாம்பாவின் முதல் பதிப்பை வெளியிட்டார். அதன் அமைப்புக் கோப்பில் ஒரு ஷேர் என்பது ஒரு பெயர், அதற்கு நேரே ஒரு பாதை, கூடச் சில அனுமதிகள், அவ்வளவுதான். அந்தப் பாதையின் கீழே ஒரு டிஸ்க் இருக்கிறதா, பத்து இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே "சாம்பாவில் ஒரு ஷேருக்கு நாலு பாதை கொடுப்பது எப்படி" என்று தேடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடலாம். இணைப்பு அதற்குக் கீழே நடக்க வேண்டும். கீழே நாலும் ஒன்றாகிவிட்டால் சாம்பா, என்எஃப்எஸ் (லினக்ஸ் கணினிகளுக்கிடையே பகிரும் முறை), ஜெல்லிஃபின் (வீடியோ சர்வர்) எதுவானாலும் ஒரே ஃபோல்டரைத்தான் பார்க்கும்.

இடையில் ஒரு குறுக்கு வழி கண்ணில் படும்: முதல் டிஸ்க்கில் "வீடியோ" ஃபோல்டர், அதற்குள் மற்ற மூன்றுக்கும் சிம்பாலிக் லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் இணைப்பு). நிறையப் பேர் இதைச் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்துத்தான் வருந்துகிறார்கள். ஷேருக்கு வெளியே போகும் லிங்க்கைச் சாம்பா இயல்பாகப் பின்தொடராது. 2010இல் வெளிப்பட்ட ஒரு பாதுகாப்புச் சிக்கலுக்குப் பிறகு அந்தக் கதவை மூடியே வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்துவிட்டாலும் தொல்லை தீராது. விண்டோஸ் பெரும்பாலும் ஷேரின் வேர் ஃபோல்டர் இருக்கும் டிஸ்க்கின் காலியிடத்தைத்தான் பார்க்கும். அது நிறைந்திருந்தால், லிங்க்குக்கு அந்தப் பக்கம் 5 டெராபைட் காலியாகக் கிடந்தாலும் "இடம் போதவில்லை" என்று நகலெடுக்க மறுக்கும். என்எஃப்எஸ்ஸில் இன்னும் மோசம். அங்கே லிங்க்கைத் தீர்ப்பது சர்வர் அல்ல, அந்தப் பக்கம் இருக்கும் கணினி. அதனிடம் அந்தப் பாதையே இருக்காது. பைண்ட் மவுன்ட் (ஒரு ஃபோல்டரை இன்னோர் இடத்திலும் தெரியவைப்பது) இதைவிட ஒழுங்கானது, ஆனால் அதிலும் ஒரு டிஸ்க் நிறைந்தால் புதியது அடுத்ததற்கு வழிந்து போகாது. உங்களுக்கு வேண்டியது அந்த வழிதல்தான்.

இனி டிஸ்க்குகளை இணைக்கும் வழிகள். ரெய்டு 5 போட்டால் ஒவ்வொரு டிஸ்க்கும் மிகச் சிறியதன் அளவுக்குத்தான் கணக்கில் வரும். உங்களிடம் மிகச் சிறியது 2 டெராபைட். நாலில் ஒன்றின் இடம் பாரிட்டி என்ற மீட்புத் தரவுக்குப் போக, மூன்று பெருக்கல் இரண்டு, மொத்தம் 6 டெராபைட். கையில் 18 இருக்க 6ஐ எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. (ரெய்டு என்ற பெயரில் இருக்கும் 'ஐ' என்ற எழுத்து 1988இல் வந்த மூலக் கட்டுரையில் 'மலிவான' என்பதைக் குறித்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த யாருக்கும் சிரிப்பு வரும்.) லினக்ஸின் எல்விஎம் என்ற வசதியில் நாலையும் நூல் கோத்தாற்போல ஒன்றாக்கலாம், 18ம் கிடைக்கும். ஆனால் நாலின் மேலும் ஒரே கோப்பு முறைமை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) படர்ந்து கிடக்கும். எந்த ஒன்று செத்தாலும் மற்ற மூன்றில் இருப்பதையும் மீட்பது பெரும்பாடு. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை எனக்கு மிகவும் பிடித்தது. செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்துக் கெட்டுப்போன தரவைத் தானே கண்டுபிடிக்கும், நொடியில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கும். ஆனால் அதுவும் ஒரே அளவு டிஸ்க்குகளைத்தான் விரும்பும். ஏற்கெனவே கட்டிய ரெய்டு-இசட் (இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு) குழுவில் இன்னொரு டிஸ்க் சேர்க்கும் வசதியே 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3இல்தான் வந்தது. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் வேறு வேறு அளவுகளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக வைக்கலாம். உங்கள் 18க்கு 9 கிடைக்கும். அதன் ரெய்டு 5, 6 பக்கம் மட்டும் போகாதீர்கள், அதை உருவாக்கியவர்களே வேண்டாம் என்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: டிஸ்க்கைக் காலி செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் அழிக்க மாட்டேன் என்கிறீர்கள்.

மிஞ்சுவது மெர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருள். இது தானே கோப்பு முறைமை எதையும் உருவாக்குவதில்லை. உங்கள் நாலு டிஸ்க்கும் இப்போது எப்படி எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையாக மவுன்ட் ஆகி (ஒரு ஃபோல்டரோடு இணைக்கப்பட்டு) இருக்கின்றனவோ அப்படியே இருக்கும். அவற்றின் மேல் ஒரு கண்ணாடி போல உட்கார்ந்துகொண்டு, நாலிலும் உள்ள ஃபோல்டர்களை ஒன்றாகக் காட்டும். டிஸ்க் 1இல் "வீடியோ" ஃபோல்டரும் டிஸ்க் 3இல் "வீடியோ" ஃபோல்டரும் இருந்தால், வெளியே ஒரே "வீடியோ". உள்ளே இரண்டிலும் இருப்பவை எல்லாம் தெரியும். ஒவ்வொரு கோப்பும் முழுசாக ஏதோ ஒரு டிஸ்க்கில் இருக்கும், துண்டாக உடையாது. இதில் எனக்குப் பிடித்ததே இந்தச் சாதாரணத்தனம்தான். மெர்ஜர்எஃப்எஸ்ஸைக் கழற்றி எறிந்தாலும் ஒன்றும் போகாது. ஒரு டிஸ்க்கை உருவி இன்னொரு லினக்ஸ் கணினியில் செருகினால் அப்படியே படிக்கலாம். ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்தது மட்டும்தான் போகும்.

நிறைய பேர் கால் இடறி விழும் இடம் இனித்தான் வருகிறது, கொஞ்சம் நின்று படியுங்கள். புதுக் கோப்பு ஒன்று வரும்போது அதை எந்த டிஸ்க்கில் வைப்பது என்பதற்கு மெர்ஜர்எஃப்எஸ்ஸில் 'கொள்கை' என்று ஒன்று உண்டு. நீண்ட காலமாக இயல்பாக இருந்தது ஈபிஎம்எஃப்எஸ். அந்த ஃபோல்டர் ஏற்கெனவே எந்தெந்த டிஸ்க்கில் இருக்கிறதோ, அவற்றுள் அதிகக் காலியிடம் உள்ளதில் வை என்பது அதன் பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு தொடரின் எல்லா அத்தியாயங்களும் ஒரே டிஸ்க்கில் சேர்ந்து இருக்கும். ஆனால் அந்தத் தொடரின் ஃபோல்டர் டிஸ்க் 2இல் மட்டும் இருந்து, டிஸ்க் 2 நிறைந்துவிட்டால்? மற்ற மூன்றும் பாதி காலியாக இருந்தாலும் "இடம் இல்லை" என்றே வரும். பூலின் (நாலும் சேர்ந்த தொகுப்பின்) காலியிடத்தைப் பார்த்தால் 7 டெராபைட் என்று காட்டும். கோப்பை வைக்கப் போனால் இடமில்லை என்னும். முதல் தடவை இது எனக்கு நடந்தபோது டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு முழு மாலை அதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. நான் சொன்னதைத்தான் அது செய்துகொண்டிருந்தது.

இதற்கு இரண்டு விடை உண்டு. எம்எஃப்எஸ் என்று வைத்தால் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்க்காது, அந்த நேரத்தில் அதிகக் காலியிடம் உள்ள டிஸ்க்கில் வைக்கும். வழிதல் பிரச்சினை முற்றாகத் தீர்ந்தது. விலை என்னவென்றால், ஒரு தொடரின் அத்தியாயங்கள் நாலு டிஸ்க்கிலும் சிதறும்; ஒரு டிஸ்க் போனால் ஒரு தொடர் முழுசாகப் போவதற்குப் பதில் நாலைந்து தொடர்களில் ஓட்டை விழும். எம்எஸ்பிஎம்எஃப்எஸ் என்று இன்னொன்று இருக்கிறது. முதலில் அதே ஃபோல்டர் உள்ள டிஸ்க்கைப் பார்க்கும். அங்கே இடம் இல்லையென்றால் ஒரு படி மேலே, தாய் ஃபோல்டர் உள்ள டிஸ்க்குகளைப் பார்க்கும். சேர்ந்தும் இருக்கும், நிறைந்தால் வழியவும் செய்யும். வீடியோவுக்கு நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். எது சரி என்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது, இதில் அறுதியிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. ஈபி என்று தொடங்கும் கொள்கைகளை மட்டும், நிறைந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் வைக்காதீர்கள்.

இதோடு ஒட்டியது குறைந்தபட்சக் காலியிடம். ஒரு டிஸ்க்கில் இவ்வளவுக்குக் கீழே போய்விட்டால் அதில் புதிதாக எதையும் வைக்காதே என்று சொல்லும் எண். இயல்பாக 4 ஜிபி. கோப்பு உருவாகும் நொடியில் மட்டுமே மெர்ஜர்எஃப்எஸ் இதைப் பார்க்கும், அது எவ்வளவு வளரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. 5 ஜிபி இடம் இருக்கும் டிஸ்க்கில் 30 ஜிபி படம் எழுதத் தொடங்கினால் நடுவில் முட்டி நிற்கும். ஆகவே உங்களிடம் இருப்பதில் மிகப் பெரிய கோப்பு எதுவோ, அதைவிடப் பெரிய எண்ணைக் கொடுங்கள். நான் 60 ஜிபி வைத்திருக்கிறேன். நடுவில் முட்டினால் கோப்பை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தித் தொடரும் வசதியும் மெர்ஜர்எஃப்எஸ்ஸில் உண்டு, ஆனால் அது காப்புக் கயிறு மாதிரி. தினமும் அதில் தொங்கக் கூடாது.

உங்கள் பழைய தரவைச் சேர்ப்பது நினைப்பதைவிட எளிது. ஒவ்வொரு டிஸ்க்கின் மேல்மட்டத்திலும் ஒரே பெயரில் ஃபோல்டர் உருவாக்குங்கள்: "வீடியோ", "படங்கள்", "ஆவணங்கள்". அந்தந்த டிஸ்க்கில் இருப்பதை அதே டிஸ்க்கின் ஃபோல்டருக்குள் நகர்த்துங்கள். ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்துவது பெயர் மாற்றம் மட்டுமே, 3 டெராபைட் ஆனாலும் கண் இமைக்கும் நேரம்தான். இதை நெட்வொர்க் வழியாக ஒரு ஷேரிலிருந்து இன்னொரு ஷேருக்கு இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள்; அது முழு நகலாக மாறி நாள்கணக்கில் ஓடலாம். சர்வரிலேயே உட்கார்ந்து செய்யுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை: ஒரே பாதை, ஒரே பெயர் கொண்ட கோப்பு இரண்டு டிஸ்க்கில் இருக்கிறதா? இருந்தால் பூலில் ஒன்றுதான் தெரியும், பட்டியலில் முதலில் வரும் டிஸ்க்கில் உள்ளது. மற்றது மறைந்து நிற்கும். அதைப் பூல் வழியாக அழித்தால் இரண்டுமே போகும். ஒரே பெயரில் வேறு வேறு உள்ளடக்கம் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்து மவுன்ட். இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்ததுதான். மவுன்ட் விவரங்கள் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்குகளை எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயரால் எழுதாதீர்கள். ஒரு கேபிளை மாற்றிச் செருகினாலே அந்தப் பெயர் மாறிவிடும். யூயூஐடி என்ற நீளமான அடையாள எண் மாறாது, அதை எழுதுங்கள். கூடவே 'நோஃபெய்ல்' சேர்த்தால், ஒரு டிஸ்க் எழும்பாவிட்டாலும் கணினி பூட் ஆகாமல் மாட்டிக்கொள்ளாது. ஆனால் அந்த நோஃபெய்ல் இன்னொரு வலையை விரிக்கிறது. டிஸ்க் எழும்பவில்லை, கணினி எழும்பிவிட்டது. டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டம் டிஸ்க்கின் வெற்று ஃபோல்டர் ஒன்று நிற்கிறது. பூல் அதையும் ஒரு டிஸ்க் என்று நினைத்து எழுதத் தொடங்கும். எனக்குத் தளர்ந்துபோன ஒரு பவர் இணைப்பால் இது நடந்தது. ஓர் இரவு பேக்கப் முழுதும் சிஸ்டம் டிஸ்க்கில் கொட்டி, காலையில் அது மூச்சுமுட்டி நின்றது. இணைப்பைச் சரிசெய்து டிஸ்க் திரும்ப மவுன்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிட்டன. எங்கே போயின என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதன்பின் நான் செய்வது: டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டு, அந்த வெற்று ஃபோல்டருக்குச் சிஎச்ஆட்டர் கட்டளையால் மாற்ற முடியாத கொடியைப் போட்டுவிடுவேன். மவுன்ட் ஆனால் வழக்கம்போல எழுதலாம். ஆகாவிட்டால் ரூட் என்ற முழு அதிகாரப் பயனரே எழுத முடியாது. பிழைச்செய்தி வரும். வரட்டும், அதுதான் நமக்கு வேண்டும்.

அனுமதிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சாம்பாவில் எழுதலாம் என்று கொடுத்திருந்தாலும் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர் எழுத விடாவிட்டால் எழுத முடியாது. இரண்டில் எது கண்டிப்போ அதுவே வெல்லும். உங்கள் நாலு டிஸ்க்கும் வேறு வேறு காலத்தில் வந்தவை. அவற்றில் உரிமையாளரும் குழுவும் வேறு வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். தனித்தனியாக இருந்தபோது இது தெரியாது. பூலில் சேர்த்ததும் "சில சமயம் எழுத முடிகிறது, சில சமயம் முடியவில்லை" என்ற பேய் பிடித்த நடத்தை வரும், ஏனென்றால் சில சமயம் டிஸ்க் 1இல் விழுகிறது, சில சமயம் டிஸ்க் 4இல். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழு, நாலு டிஸ்க்கிலும் ஃபோல்டர்கள் அந்தக் குழுவுக்கு, ஃபோல்டர் அனுமதி 2775. முன்னால் நிற்கும் அந்த 2 இருந்தால் உள்ளே உருவாகும் எல்லாமே அதே குழுவுக்குப் போகும். சாம்பா பயனரின் கடவுச்சொல் லினக்ஸ் கடவுச்சொல்லிலிருந்து வேறு, அதைத் தனியாக அமைக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விண்டோஸ் பக்கம் ஒரு விசித்திரம். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயரில் இணைய அது விடாது. "வீடியோ"வைப் பொதுப் பயனராகவும் "ஆவணங்க"ளை உங்கள் பெயரிலும் திறக்கப் பார்த்தால் 1219 என்ற பிழை எண் வரும். கடவுச்சொல் தவறோ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்கு ஒரு பயனர், அந்த ஒரே பெயரில் எல்லா ஷேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய டிவிக்குச் சாம்பா பேசும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டும்தான் புரியும் என்றால், அதற்காக அந்தப் பழைய பதிப்பைச் சர்வரில் திறந்துவிடாதீர்கள். 2017இல் வானாகிரை என்ற தீநிரல் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பு முதல் அதை இயல்பாக அணைத்தே தருகிறது. டிவிக்கு டிஎல்என்ஏ என்ற ஊடகப் பகிர்வு முறையோ ஜெல்லிஃபினோ போதும். 445 என்ற போர்ட்டை ரூட்டரில் வெளியுலகுக்குத் திறப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இப்போது ஷேர்களை எப்படிப் பிரிப்பது. டிஸ்க் வாரியாக அல்ல, போனால் என்ன ஆகும் என்பதன் வாரியாக. வீடியோ போனால் எரிச்சல் வரும், திரும்பச் சேர்க்கலாம். குடும்பப் படங்கள் போனால் போனதுதான். இரண்டையும் ஒரே ஷேரில் போட்டால் இரண்டுக்கும் ஒரே பாதுகாப்புதான் கிடைக்கும். "படங்கள்", "ஆவணங்கள்" இரண்டையும் தனி ஷேராக்கி, இரவுதோறும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து வேறொரு டிஸ்க்குக்கும், மாதம் ஒருமுறை கழற்றி வேறிடத்தில் வைக்கும் வெளி டிஸ்க்குக்கும் நகலெடுங்கள். பூலுக்குள் நகலெடுக்காதீர்கள், அது அதே டிஸ்க்கில் போய் விழலாம். டிஸ்க்கின் நேர்ப் பாதைக்கே எடுங்கள், பூலில் இரட்டையாகத் தெரியாதபடி பூலில் சேராத ஃபோல்டரில். நெட்வொர்க் ஷேரில் அழித்தது உங்கள் கணினியின் குப்பைத்தொட்டிக்கும் போகாது என்பதால், சாம்பாவின் ரீசைக்கிள் மாட்யூலை இந்த இரண்டு ஷேருக்காவது போட்டு வையுங்கள்.

வீடியோவுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருள் இதோடு நன்றாகப் பொருந்தும். ஒரு டிஸ்க் பாரிட்டிக்கு. அது மற்ற எந்த டிஸ்க்கையும்விடச் சிறியதாக இருக்கக் கூடாது. உங்களிடம் இப்போது அப்படிக் காலியாக ஒன்றும் இல்லை, ஆகவே இன்று முடியாது. அடுத்து வாங்குவது 8 டெராபைட்டோ அதற்கு மேலோ இருக்கட்டும். அதைப் பூலில் சேர்க்காமல் பாரிட்டியாக்குங்கள், மற்ற நாலில் எதையும் அழிக்க வேண்டியதில்லை. இது அந்தந்த நொடியில் காப்பதல்ல. நீங்கள் சிங்க் (பாரிட்டியைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டிய நேரத்து நிலையை மட்டுமே மீட்கும், அதற்குப் பின் வந்தது காப்பில் இல்லை. அதிகம் மாறாத வீடியோவுக்கு அது போதும். தினமும் மாறும் ஆவணங்களுக்குப் போதாது.

வேகத்தைப் பற்றி: ரெய்டு போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொல்லுவார்கள். உங்கள் நெட்வொர்க் ஜிகாபிட் என்றால் அதன் உச்சமே நொடிக்கு 125 எம்பி, கைக்குக் கிடைப்பது 110ஐ ஒட்டி. இன்றைய டிஸ்க் ஒன்று தனியாகவே பெரிய கோப்பை அந்த வேகத்தில் கொடுத்துவிடும். கதவு சிறியதாக இருக்கும்போது உள்ளே எத்தனை பேர் ஓடினால் என்ன? இது உறுதியாகச் சொல்லக்கூடியது. உறுதியில்லாமல் பரவுவதும் ஒன்று உண்டு: டிஸ்க் விவரக்குறிப்பில் 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்று போட்டிருக்கும், அது 12.5 டெராபைட்; ஆகவே செத்த டிஸ்க்கை மாற்றிப் பெரிய ரெய்டு 5ஐ மறுபடி கட்டும்போது நிச்சயம் தோற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த எண் உற்பத்தியாளர் தரும் மேல்வரம்பு. என் கையில் மறுபடி கட்டியவற்றில் பெரும்பாலானவை ஒழுங்காகவே முடிந்தன. அதற்காக நம்பிக் கண்ணை மூடலாம் என்றும் சொல்லவில்லை. ரெய்டு பேக்கப் ஆகாது என்பதற்கு இந்தக் கணக்கின் துணையே தேவையில்லை, தவறுதலாக ஒரு டெலிட் போதும்.

மெர்ஜர்எஃப்எஸ் எதற்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேட்டாபேஸ், மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் கோப்பு போன்றவற்றை அதில் வைக்காதீர்கள். தனி டிஸ்க்கின் நேர்ப் பாதையில் வையுங்கள். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இரண்டாவது பெயர்) ஒரே டிஸ்க்குக்குள்தான் போட முடியும், ஆகவே டவுன்லோட் ஃபோல்டரும் வீடியோ ஃபோல்டரும் வேறு டிஸ்க்கில் அமைந்துவிட்டால் லிங்க்குக்குப் பதில் முழு நகல் எடுக்கப்படும், இடம் இரட்டிப்பாகத் தின்னும். என்எஃப்எஸ் வழியாகப் பகிர்வதானால் பகிர்வுகளைப் பட்டியலிடும் ஏற்றுமதிக் கோப்பில் எஃப்எஸ்ஐடி என்ற அடையாள எண் ஒன்றை நீங்களே கொடுக்க வேண்டும், அது இல்லாமல் பகிராது.

அன்ரெய்டு என்ற சர்வர் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால்: அங்கே யூசர் ஷேர் என்பது இதே எண்ணம்தான், டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் முறையும் குறைந்தபட்சக் காலியிடமும் பெயர் மாறி இருக்கின்றன. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தனி டிஸ்க்கின் பாதையிலிருந்து அதே பெயருள்ள யூசர் ஷேருக்கு நகலெடுக்காதீர்கள். இரண்டும் ஒரே கோப்பு என்பதால் தன் மேலேயே எழுதி அது காலியாகிவிடும். விண்டோஸை வைத்தே செய்ய நினைப்பவர்கள் அதிலுள்ள ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற டிஸ்க் இணைக்கும் வசதியின் பக்கம் போகுமுன் டிஸ்க்கில் உள்ளதை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள், பூலில் சேர்க்கும்போது அது அழித்துவிடும். 2007இல் வந்த விண்டோஸ் ஹோம் சர்வரில் இந்த வேலையை அழகாகச் செய்த டிரைவ் எக்ஸ்டெண்டர் என்ற வசதி இருந்தது. அதை 2010இல் எடுத்துவிடுவதாக அறிவித்தபோது எழுந்த கூச்சல் இன்னும் நினைவிருக்கிறது.

எக்ஸ்ட்4 ஒவ்வொரு டிஸ்க்கிலும் 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். சிஸ்டம் டிஸ்க்குக்கு அது வேண்டும், வீடியோ டிஸ்க்குக்கு வேண்டாம். உங்கள் 8 டெராபைட்டில் மட்டும் 400 ஜிபி அப்படிச் சும்மா கிடக்கிறது. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 விழுக்காடாக்கலாம், டிஸ்க்கில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

வேலையைத் தொடங்கும்போது முதலில் இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகளை மட்டும் பூலில் சேர்த்து, பழைய ஷேர்களையும் அப்படியே விட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அந்த வாரத்தில் ஒருநாள் கணினியை நிறுத்தி, ஒரு டிஸ்க்கின் கேபிளை வேண்டுமென்றே கழற்றிவிட்டுப் பூட் செய்யுங்கள். பூல் எழும்புகிறதா, மிச்சம் உள்ளவை தெரிகின்றனவா, கழற்றிய டிஸ்க்கின் வெற்று ஃபோல்டரில் எழுதப் போனால் மறுக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் மற்ற இரண்டையும் சேர்த்துவிட்டு, "வீடியோ1" முதலான பழைய பெயர்களைச் சாம்பாவிலிருந்து எடுத்துவிடலாம்.